மலை மண்ணில் ஈயம்: எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

தேவிகுளத்திலோ வட்டவடையிலோ ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஈயம், துத்தநாகம், செம்பு, குரோமியம், காட்மியம் எல்லாம் இருப்பதாகத்தான் அறிக்கை வரும். மண் பாறையிலிருந்து பிறக்கிறது. பாறையில் இந்த உலோகங்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. அதனால் "மலையில் கன உலோகம்" என்று ஒரே ஒரு எண்ணைக் காட்டிப் பேசுவதில் பயன் இல்லை. இயல்பாக எவ்வளவு இருந்திருக்கும், இப்போது எவ்வளவு கூடியிருக்கிறது, கூடியது எந்த வருடங்களில், எந்த வழியாக என்று இத்தனைக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஒரு ஆலையையோ ஒரு தோட்டத்தையோ கைநீட்டிச் சொல்ல முடியும்.

இடுக்கியின் தமிழ் பேசும் மலைகளில் இது கல்லூரிப் பாடத்தோடு நின்றுவிடுகிற விஷயம் கிடையாது. போடி, தேவாரம், கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்கு வருகிறவர்களும், மூணாறு லயங்களில் குடியிருந்து கொழுந்து எடுக்கிறவர்களும், வட்டவடையில் பூண்டு போடுகிறவர்களும் அந்த மண்ணில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். தேக்கடியில் தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. மருந்தடிப்பில் சேர்ந்த செம்பைத் தொலைதூர ஆலையின் புகை என்று சொல்லிவிட்டால் மருந்தடிப்பு அப்படியே தொடரும். ஆலையிலிருந்து வந்த பாதரசத்தை மலைமண்ணின் இயல்பு என்று தள்ளிவிட்டால் ஆலை தப்பிவிடும். இரண்டு பிழையும் கடைசியில் ஒரே ஆட்களின் தலையில்தான் விடியும்.

ஆல்ப்ஸ் சொல்லிக்கொடுத்தது

இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்கள் பல ஐரோப்பாவின் உயர்மலை ஏரிகளிலும் சதுப்புகளிலும் படிக்கப்பட்டவை. காரணம் எளிது. மலை உச்சி ஏரிக்கு மேலே ஊர் இல்லை, சாக்கடை இல்லை, ஆலை இல்லை. பாறையிலிருந்து கரைந்து வருவது போக, உலோகம் அங்கே போய்ச் சேர காற்று ஒன்றுதான் வழி. அடியில் ஒவ்வொரு வருடமும் மெல்லிய சேற்றுப் படலம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிறது. மேலிருந்து கீழே வெட்டி அளந்தால் காற்றின் வரலாறு கிடைக்கிறது.

மழை நீரை மட்டும் குடித்து வளரும் சதுப்புகள் இன்னும் நல்ல சாட்சி. ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலையில் உள்ள எத்தாங் த லா க்ருயேர் சதுப்பின் மக்கிய மண்ணில் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஈயப் படிவைக் கணக்கிட்டு 1998இல் வெளியிட்டார்கள். மனிதக் கை படாத காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருடத்தில் விழுந்த ஈயம் 0.01 மில்லிகிராம். ரோமர் காலத்துச் சுரங்கமும் உலோகம் உருக்கிய உலையும் அதில் தெரிகின்றன. தொழிற்புரட்சி தெரிகிறது. உச்சம் 1979: 15.7 மில்லிகிராம், அதாவது இயல்பைப்போல் 1570 மடங்கு. பெட்ரோலில் ஈயம் கலந்து எரித்த காலம் அது.

அதே மலைகள் இன்னொன்றையும் காட்டின. பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியதும் காற்றில் ஈயம் சட்டென்று குறைந்தது. ஏரிச் சேற்றில் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை. சுற்றியிருந்த சரிவுகளின் மண் பல பத்தாண்டுகளாக வாங்கி வைத்திருந்த பழைய ஈயத்தை மழைக்கு மழை ஏரிக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல்தான். நம் மலைச் சேற்றின் மேல் அடுக்கில் இன்றைக்கும் ஈயம் கூடுதலாகத் தெரிந்தால் உடனே "புதிதாக யாரோ கொட்டுகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1990இல் விழுந்தது இப்போது வந்து சேர்ந்திருக்கலாம்.

நம் பக்கத்தில் பனியாறு செதுக்கிய ஏரி ஒன்றுகூட இல்லை. ஆனைமுடி 2695 மீட்டர்; அதன் உச்சியிலும் புல்மேடும் சோலையும்தான். ஆகவே நமக்குக் கிடைக்கும் சாட்சிகள் வேறு: சோலைக்காட்டின் கறுத்த மண், அணைகளின் அடிச்சேறு, மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் கல்பாசி. நீலகிரியில் சாண்டிநல்லா போன்ற பள்ளங்களில் மக்கிய சதுப்பு மண் இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுக் காலநிலையை அதிலிருந்து 1993இலேயே படித்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி: இயல்பு எவ்வளவு?

பெரும்பாலான அறிக்கைகள் வழுக்கி விழும் இடம் இது. அளந்த எண்ணை எடுத்து, பாடப்புத்தகத்தில் உள்ள "பூமி ஓட்டின் சராசரி" எண்ணால் வகுத்து, இத்தனை மடங்கு மாசு என்று எழுதிவிடுகிறார்கள். சராசரிப் பாறை எந்த ஊரிலும் கிடையாது.

வெறும் அளவை ஒப்பிடாமல், மண்ணோடு கூடவே வரும், மாசால் மாறாத ஒரு தனிமத்தோடு விகிதம் பார்ப்பதுதான் வழக்கம். அலுமினியம் அல்லது டைட்டானியம் பொதுவாக எடுப்பார்கள். மேல்மண்ணில் ஈயம்/அலுமினியம் விகிதத்தை, அடிமண்ணில் உள்ள அதே விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது செறிவு மடங்கு. இரும்பை இதற்கு எடுக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் இரும்பு கரைந்து இடம் மாறிவிடும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி. ஒரு சோலை ஓரத்தில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணில் குரோமியம் கிலோவுக்கு 260 மில்லிகிராம், ஈயம் 46, அலுமினியம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே குழியில் 80 சென்டிமீட்டர் ஆழத்தில் குரோமியம் 300, ஈயம் 18, அலுமினியம் 12 சதவீதம். பூமி ஓட்டின் சராசரியாகப் பரவலாக எடுக்கப்படும் எண்கள் குரோமியம் 92, ஈயம் 17, அலுமினியம் 8.15 சதவீதம். இந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் குரோமியம் 2.3 மடங்கு, ஈயம் 2.2 மடங்கு, இரண்டும் ஒரே அளவு மாசுபோலத் தெரியும். குழியின் அடிமண்ணை வைத்துப் பார்த்தால் குரோமியம் 1.04, ஈயம் 3.1. குரோமியம் முழுக்கப் பாறையின் சொத்து. ஈயம்தான் மேலிருந்து வந்தது. முதல் கணக்கை நம்பிப் போனால் இல்லாத தோல் ஆலையைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அடிமண் எடுப்பதிலும் கண்ணி இருக்கிறது. இந்த மலைகளின் மண் பல்லாயிரம் ஆண்டு மழையில் ஊறிச் சிவந்த மண். கால்சியம், சோடியம், சிலிக்கா எல்லாம் கழுவிப்போய் அலுமினியமும் டைட்டானியமும் இரும்பும் மிஞ்சி நிற்கும். கீழே போகப் போகப் பாறைக்கு அருகில் விகிதம் மாறும். ஆகவே ஒரு ஆழம் போதாது. 0–5, 5–10, 10–20, 20–40, 40–60, 60–80 என்று குழியின் சுவரில் கீழிருந்து மேலாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து கீழே எடுத்தால் மேல்மண் சரிந்து அடி மாதிரியில் விழும். அதோடு பின்னணி அளவு கெட்டது. 40க்குக் கீழே விகிதம் ஒரே சீராக நின்றால் அதுதான் அந்த இடத்தின் இயல்பு. நிற்காமல் ஏறி இறங்கினால் அது சரிவில் உருண்டு வந்த மண்ணாக இருக்கலாம். வேறு குழி தோண்டுங்கள்.

செடிகளும் கொஞ்சம் குழப்புகின்றன. வேர் கீழிருந்து துத்தநாகத்தையும் செம்பையும் உறிஞ்சி இலைக்கு ஏற்றுகிறது. இலை உதிர்ந்து மக்கி மேல்மண்ணில் சேர்கிறது. எந்த ஆலையும் இல்லாத காட்டிலும் மேல்மண்ணில் இவை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். செறிவு மடங்கு இரண்டுக்குக் கீழே இருந்தால் எதையும் சொல்ல அது போதாது.

மருந்து டிரம்மா, காற்றா?

ஏலக்காட்டிலும் தேயிலைச் சரிவிலும் செம்பைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது அங்கே என்ன அடித்தார்கள் என்பது. ஏலத்தில் காய் அழுகலுக்குப் போர்டோ கலவை. தேயிலையில் கொப்புள நோய் 1940களின் பாதியில் தென்னிந்தியாவுக்குள் வந்ததிலிருந்து செம்பு மருந்து.

ஒரு சதவீதப் போர்டோ கலவை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துருசு (மயில்துத்தம்), ஒரு கிலோ சுண்ணாம்பு. துருசில் கால் பங்குக்குச் சற்று மேல் செம்பு, அதாவது கிலோவுக்கு 255 கிராம். ஹெக்டேருக்கு ஒரு தடவை 1000 லிட்டர் என்று வைத்து மழைக்காலத்தில் மூன்று தடவை அடித்தால் ஒரு வருடத்தில் 7.65 கிலோ செம்பு. மேல் 10 சென்டிமீட்டர் மண் ஹெக்டேருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கிலோ எடை. ஆக வருடத்துக்கு ஒவ்வொரு கிலோ மண்ணிலும் 7 அல்லது 8 மில்லிகிராம் ஏறுகிறது. இருபது வருடத்தில் 150. தொலைவிலிருந்து காற்று கொண்டுவரும் செம்பு ஹெக்டேருக்குக் கிராம் கணக்கில்தான் இருக்கும், கிலோ கணக்கில் வராது. மருந்தடித்த தோட்டத்து மண்ணில் காற்றுவழிச் செம்பைத் தேடுவது சந்தை இரைச்சலில் முணுமுணுப்பைக் கேட்பது மாதிரி.

செம்புக்குச் சொன்னதே மற்றவற்றுக்கும். பாறைப் பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வரும். தேயிலை இலைக்குத் தெளிக்கும் துத்தநாக சல்பேட்டோடு துத்தநாகம் வரும். விதைக்கும் கிழங்குக்கும் பூச ஒருகாலத்தில் பாதரசம் கலந்த பூஞ்சணக்கொல்லிகள் கடைகளில் விற்றன. லயத்துத் தகரக் கூரையிலிருந்து சொட்டும் மழைநீர் விழும் கோட்டில் மண்ணை எடுத்தால் துத்தநாகம் கூரை விளிம்புக்கு நேர்கீழே உச்சத்தில் நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போனால் இறங்கிவிடும். சாலையோரத்தில் பிரேக் தூசியிலிருந்து செம்பும் ஆன்டிமனியும், டயரிலிருந்து துத்தநாகமும், பழைய பெட்ரோல் ஈயமும் சேர்ந்திருக்கும். போடிமெட்டு ஏறி வரும் நெடுஞ்சாலைக்கும் ஜீப் தடங்களுக்கும் குறைந்தது நூறு மீட்டர் தள்ளிப் போகாமல் காற்றுவழி மாசுக்கு மாதிரி எடுப்பதில் அர்த்தமே இல்லை.

அதனால்தான் சோலையும் புல்மேடும் இவ்வளவு மதிப்புள்ளவை. அங்கே மருந்து இல்லை, உரம் இல்லை, கூரை இல்லை. மேலிருந்து வருவது காற்றும் மழையும் மூடுபனியும் மட்டும். பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை, இரவிகுளம் எல்லாமே தேசியப் பூங்காக்கள். வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கரண்டி மண்ணும் எடுக்கக் கூடாது. எடுக்கும்போது சோலையையும் புல்மேட்டையும் கலக்காதீர்கள். மரக்கூட்டம் மூடுபனியையும் தூசியையும் சல்லடைபோலப் பிடித்து இறக்கிவிடுகிறது; பக்கத்துப் புல்மேட்டைவிடச் சோலை மண்ணில் ஈயமும் பாதரசமும் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் சோலையிலும் மறுபக்கம் புல்மேட்டிலும் எடுத்துவிட்டு மேற்குச் சரிவுதான் மாசானது என்று சொன்னால் சொன்னது மரத்தைப் பற்றி, காற்றைப் பற்றி இல்லை.

அணைச் சேற்றில் காலத்தைப் படிப்பது

மண் "எவ்வளவு" என்று சொல்லும். "எப்போது" என்று சொல்ல அடுக்கு கலையாத சேறு வேண்டும். குண்டளை அணை 1946, மாட்டுப்பட்டி 1953, முல்லைப்பெரியாறு 1895. அணையின் சேற்றில் ஒரு பெரிய வசதி: தொடக்கத் தேதி தெரியும். துளையிட்டுக்கொண்டே போனால் மெல்லிய சேறு முடிந்து, வேரும் சரளையும் உள்ள பழைய தரைமண் தட்டுப்படும். அந்த எல்லைதான் தண்ணீர் தேங்கிய வருடம். தேக்கடியில் மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்த மரங்கள் வேரூன்றிய மண்தான் கடிகாரத்தின் பூஜ்யம்.

அடுத்த குறி வெள்ளம். 2018 ஆகஸ்ட் வெள்ளம் மலைச்சரிவுகளைக் கரைத்துக் கொண்டுவந்து பல நீர்த்தேக்கங்களில் கொட்டியது. சேற்றில் அது வெளிர் நிறமான, மணல் கூடிய, மக்கு குறைந்த அடுக்காகத் தெரிய வேண்டும். தேக்கடி மாதிரிப் பழைய நீர்த்தேக்கத்தில் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று மலையாளிகள் சொல்லும் 1924 வெள்ளமும் தங்கியிருக்கலாம். 550 பாகை செல்சியஸில் நான்கு மணி நேரம் எரித்து எடை இழப்பைப் பார்த்தாலே இந்த அடுக்குகள் பிடிபடும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வெள்ள அடுக்கில் ஈயம் திடீரென்று குறைவதைப் பார்த்து மாசு குறைந்துவிட்டதாக எழுதக் கூடாது. ஆழத்திலிருந்து வந்த சுத்தமான மண் கலந்து நீர்த்துப்போனதுதான்.

இதே காரணத்தால்தான் அளவைவிடப் படிவு வேகம் முக்கியம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஈயம் உள்ள சேறு ஒரு சதுர மீட்டரில் வருடத்துக்கு 500 கிராம் படிந்தால் ஈயப் படிவு 25 மில்லிகிராம். காட்டை வெட்டித் தோட்டம் போட்டதால் மண் அரிப்பு நான்கு மடங்காகிச் சேறு 2000 கிராம் படிந்து, அளவு 20க்கு இறங்கினால், படிவு 40. எண் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. வந்து சேரும் ஈயமோ கூடியிருக்கிறது.

சேறு எடுக்கும் குழாய் தெளிவான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உலோகமாக இருக்கக் கூடாது. படகை இரண்டு பக்கமும் நங்கூரமிட்டு, அணையின் அடி மதகுக்கு நேர் எதிரில் இல்லாமல், பழைய ஆற்றுத் தடத்தின் ஆழமான சமதளத்தில் இறக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வடிந்து வெளியே தெரியும் ஓரங்களில் எடுத்த சேறு காய்ந்தும் நனைந்தும் கலைந்துபோனது. காலம் படிக்க உதவாது. இறக்கும் வேகம் மிக மெதுவாக இருக்கட்டும். வேகமாக விழும் குழாய் முன்னால் ஒரு நீரலையைத் தள்ளிக்கொண்டு போய், மேலே உள்ள கூழ்போன்ற 2, 3 சென்டிமீட்டரை ஊதித் தள்ளிவிடும். கடைசிப் பத்து வருடம் அதோடு போய்விட்டது. வெளியே எடுத்த குழாயில் சேற்றுக்கு மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மேற்பரப்பு தப்பித்தது என்று அர்த்தம். கலங்கலாக இருந்தால் கீழே கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அறுப்பதைக் கரையிலேயே முடித்துவிடுவது நல்லது. மேல் 10 சென்டிமீட்டரை அரை சென்டிமீட்டராகவும், அதற்குக் கீழே ஒரு சென்டிமீட்டராகவும் பிளாஸ்டிக் தகட்டால் அறுக்க வேண்டும். குழாய்ச் சுவரோடு உரசிய விளிம்பை அரை சென்டிமீட்டர் வெட்டி எறிய வேண்டும். மேல் சேறு சுவரோடு வழுக்கிக் கீழே இழுபட்டிருக்கும்; அதை எறியாவிட்டால் 1950க்கு முந்தைய அடுக்கிலும் "மாசு" தெரியும். ஒரே ஒரு துளை போதாது. குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் ஒரே வடிவம் வராவிட்டால் அந்த அணை பேசத் தயாராக இல்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வயது கணக்கிட ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் உதவும். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 22 வருடம். நிலத்திலிருந்து கிளம்பும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து அதுவாக மாறி மழையோடு இறங்குகிறது. சேற்றில் புதைந்த பிறகு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 100, 120 வருடம் வரை படிக்கலாம். சேற்றிலுள்ள ரேடியமும் ஓரளவு ஈயம்-210ஐ உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; அதைக் கழித்தாக வேண்டும். அதற்கு மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்த பிறகே காமாக் கருவியில் எண்ண வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே எண்ணினால் ரேடான் கசிந்த மாதிரியில் ரேடியம் குறைவாகத் தெரிந்து வயது முழுக்கத் தவறும்.

ஐரோப்பாவில் சரிபார்ப்புக்குக் கைகொடுப்பது சீசியம்-137. அணுகுண்டுச் சோதனைகளின் 1963 உச்சம் அங்கே கூர்மையாகத் தெரியும். 10 பாகை வடக்கில் உள்ள நம் மலைகளுக்கு அது மிகவும் மங்கல். வெப்பமண்டலத்தில் விழுந்ததே குறைவு. விழுந்ததிலும் இரண்டு அரை ஆயுள் கடந்து கால் பங்குகூட மிச்சமில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு நாளுக்கு மேல் எண்ணினாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். தென்மேற்குப் பருவக்காற்று கடலைத் தாண்டி வருவதால் அதில் ரேடானும் குறைவு. கடல் ரேடானை அதிகம் விடுவதில்லை. அதனால்தான் அணை கட்டிய வருடமும் வெள்ள அடுக்கும் நமக்கு இவ்வளவு வேண்டியவை. வெளிநாட்டு வழிமுறையை அப்படியே எடுத்துவந்து சீசியத்தை நம்பி உட்காருவது வீண் செலவு.

இன்னொரு ஏமாற்று வேலை மாங்கனீசுடையது. ஆழமான அணையின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது மாங்கனீசும் இரும்பும் சேற்றுக்குள் கரைந்து மேலே ஏறி, ஆக்சிஜன் கிடைக்கும் மேற்பரப்பில் மறுபடி படிகின்றன. ஆர்சனிக், கோபால்ட் போன்றவை அவற்றோடு தொற்றிக்கொண்டு வரும். மேல் இரண்டு சென்டிமீட்டரில் ஆர்சனிக் கூடியிருப்பதைக் கண்டால் முதலில் மாங்கனீசு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் உச்சம் காட்டினால் அது சேற்றின் வேதியியல். ஆலையின் வேலை என்று சொல்ல இடமில்லை. ஈயம் இப்படி எளிதில் நகராது. அதனால்தான் அதன் சாட்சியம் நம்பகமானது.

ஈயத்தின் கைரேகை

ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் நான்கு வகை ஈய அணுக்கள். 206 யுரேனியம்-238இலிருந்தும், 207 யுரேனியம்-235இலிருந்தும், 208 தோரியத்திலிருந்தும் பிறந்து சேர்கின்றன. 204 மட்டும் ஆதியிலிருந்து அப்படியே இருக்கிறது. எந்தத் தாதுவிலிருந்து தோண்டினார்களோ அந்தத் தாதுவின் விகிதம் உலையிலோ என்ஜினிலோ மாறாது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயத்தில் 206/207 விகிதம் சுமார் 1.04, சாதாரண நிலமண்ணில் 1.2ஐ ஒட்டி இருக்கும். மேல்மண்ணின் விகிதம் அடிமண்ணிலிருந்து விலகினால் வெளியிலிருந்து வந்த ஈயம் கலந்திருக்கிறது.

இங்கேயும் உள்ளூர்ப் பாறைதான் முதல் சாட்சி. அடிமண் 1.20, மாசு 1.08, மேல்மண் 1.15 என்று வைத்தால் மேல்மண் ஈயத்தில் ஏறத்தாழ 42 சதவீதம் வெளியிலிருந்து வந்தது. அடிமண்ணை அளக்காமல் புத்தகத்தைப் பார்த்து 1.20 என்று போட்டு, உண்மையில் அது 1.18ஆக இருந்தால் விடை 30 சதவீதம்தான். கடும் வெப்பத்தில் உருமாறி யுரேனியத்தை இழந்த பழங்காலப் பாறைகளில் விகிதம் இன்னும் தாழ்ந்து, பார்வைக்கு ஆலை ஈயம்போலவே இருக்கவும் கூடும். தோரியம் கூடிய பாறையாக இருந்தால் 208 ஏறி நிற்கும். ஆகவே 206/207ஐ மட்டும் பார்க்காமல் 208/206ஐயும் சேர்த்து வரைந்து, புள்ளிகள் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் இரண்டுக்கு மேற்பட்ட மூலங்கள் இருக்கின்றன. இரண்டே மூலம் என்று வைத்துப் போட்ட கணக்கு செல்லாது.

அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் சாதாரண ஐசிபி-எம்எஸ் கருவியே 0.3 சதவீதத் துல்லியத்தில் இந்த விகிதத்தைத் தரும். மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண அது போதும். இரண்டு உலைகளைத் தனித்தனியே பிரித்தறிய அது போதாது. ஒவ்வொரு சில மாதிரிகளுக்கு இடையிலும் என்ஐஎஸ்டி 981 என்ற ஈயத் தரமாதிரியை ஓட்டி (அதன் 206/207 விகிதம் 1.0933) கருவியின் சாய்வைத் திருத்த வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்?

பெரியாறு கடலை நெருங்கும் இடத்தில், கொச்சிக்கு அருகே ஏலூர், எடையார் பகுதியில் பல பத்தாண்டுகளாக ரசாயன ஆலைகளும் உலோக ஆலைகளும் இருந்துவருகின்றன. அந்தக் கழிவால் மலை கெட்டது என்று பேச்சு வரும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஆறு மலையிலிருந்து அங்கே இறங்குகிறது. ஆற்றில் கொட்டியது மேலே ஏறாது. புகைபோக்கியிலிருந்து கிளம்பியது மட்டும் காற்றில் வரலாம். எடையாரின் துத்தநாக உருக்காலை 1967இல் தொடங்கி 2014இல் நின்றது. அதன் பங்கு மலையில் இருந்தால் துத்தநாகமும் காட்மியமும் சேர்ந்து 1967க்குப் பிறகு ஏற வேண்டும், 2014க்குப் பிறகு தணிய வேண்டும், மேற்குச் சரிவில் கிழக்கைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் பேசலாம். ஒன்று மட்டும் ஒத்துவந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மேற்குச் சரிவில் மழையே பல மடங்கு. மறையூர் போன்ற மழைமறைவுப் பக்கத்தோடு ஒப்பிடும்போது மழையளவால் வகுத்துப் பார்க்காவிட்டால் எல்லா உலோகமும் மேற்கிலிருந்து வந்ததாகவே தோன்றும்.

கொடைக்கானல் இதற்கு நேர்மாறு. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே மூலம் மலை உச்சியிலேயே இருந்தது. பாம்பார் சோலை அதன் வேலிக்குக் கீழேதான். இப்படிப்பட்ட இடத்தில் ஐசோடோப்பை விடத் தூரம்தான் வலுவான சாட்சி. வேலியிலிருந்து 100 மீட்டர், 300, 1000, 3000 என்று எல்லாத் திசைகளிலும் எடுத்துக்கொண்டே போனால், உள்ளூர் மூலத்தின் பாதரசம் செங்குத்தாக இறங்கும். உலகம் முழுதும் சுற்றும் பாதரசம் அப்படி இறங்காது. அது வாயுவாக மாதக்கணக்கில் காற்றில் நிற்கக்கூடியது, எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அங்கே கல்பாசி வகைகளையும் பாசியையும் அளந்ததற்குக் காரணமும் இதுவே. சமையலில் போடும் அதே கல்பாசியின் இனம்தான். அதற்கு வேர் கிடையாது. உணவும் நீரும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் மட்டும். ஒரே இனத்தை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரே வகை மரத்தில் எடுத்தால் இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். எந்த வருடம் என்று மட்டும் அது சொல்லாது.

மரப்புகையையும் ஆலைப்புகையையும் பிரிக்க நுண்ணோக்கி ஒன்று போதும். நிலக்கரியும் உலை எண்ணெயும் உயர் வெப்பத்தில் எரியும்போது கறுத்த, துளைகள் நிறைந்த உருண்டைத் துகள்கள் பிறக்கின்றன. விறகிலோ கோடைக் காட்டுத்தீயிலோ அவை உண்டாவதில்லை. சேற்றை நைட்ரிக், ஹைட்ரோபுளோரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் அடுத்தடுத்துக் கரைத்தால் இந்தத் துகள்கள் கரையாமல் மிஞ்சும். 400 மடங்கு பெரிதாக்கி எண்ணிவிடலாம். ஈயமும் இந்தத் துகளும் ஒரே அடுக்கில் சேர்ந்து ஏறினால் வாதத்துக்கு இடமே இருக்காது.

ஆய்வகத்தில் கெடுவது

மலையில் கவனமாக எடுத்ததைப் பித்தளைச் சல்லடையில் சலித்தால் செம்பும் துத்தநாகமும் அங்கேயே ஏறிவிடும். நைலான் சல்லடைதான் வேண்டும். பாதரசம் அளக்கும் மாதிரியை 105 பாகை அடுப்பில் காய்ச்சக் கூடாது. 40க்கு மேல் போனாலே ஒரு பகுதி பறந்துவிடும். சோலை மண்ணில் கரிமம் மிகுதி. ஐசிபி-எம்எஸ்ஸில் கருவியின் ஆர்கான் வாயுவும் மண்ணின் கரியும் சேர்ந்த அயனி குரோமியம்-52இன் இடத்தில் வந்து உட்கார்ந்து பொய் குரோமியம் காட்டும். இத்தகைய கூட்டு அயனிகளை ஹீலியம் வாயுவால் வடிகட்டும் மோதல் அறையைப் போட்டு அளந்தால் தீரும்.

மிகப் பெரிய கோளாறு அமிலத்தில். அரை கிராம் மண்ணுக்கு 9 மில்லி நைட்ரிக், 3 மில்லி ஹைட்ரோகுளோரிக் சேர்த்து 175 பாகையில் நுண்ணலையில் வைப்பது பரவலான முறை. அது மண்ணிலுள்ள சிலிக்கேட் கனிமங்களை முழுதாகக் கரைக்காது. அலுமினியத்திலும் குரோமியத்திலும் பெரும்பகுதி கல்லுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த எண்ணை, முழுதாகக் கரைத்து அளந்த பூமி ஓட்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் அலுமினியம் குறைந்து, செறிவு மடங்கு பொய்யாக ஏறும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் முழுதாகக் கரையுங்கள். முடியாவிட்டால் மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒரே அமிலத்தில் கரைத்து அவற்றுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இருபது மாதிரிக்கு மண் சேர்க்காத ஒரு வெற்றுக் கரைசல், ஒரே மண்ணை இரண்டாம் முறை அளக்கும் ஒரு இரட்டை, அளவு முன்பே தெரிந்த ஒரு சான்றளிக்கப்பட்ட தரமாதிரி. தரமாதிரியின் மீட்பு, அதாவது சான்றிலுள்ள அளவில் நாம் அளந்தது, 90இலிருந்து 110 சதவீதத்துக்குள் வராவிட்டால் அந்த வரிசை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் வெட்ட வேண்டியது இடங்களின் எண்ணிக்கையை, ஆழங்களை வெட்டாதீர்கள். நாற்பது இடத்து மேல்மண்ணைவிட ஆறு இடத்து முழுக் குழி அதிகம் சொல்லும். ஒவ்வொரு துண்டிலும் பாதியை அளக்காமல் காயவைத்து மூடி வையுங்கள். இன்றைக்குக் கையில் இல்லாத கருவி ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும்போது அணையின் அதே அடுக்கு மறுபடி கிடைக்காது. பையின் மேல் மார்க்கரில் எழுதியது மலை ஈரத்தில் ஒரே இரவில் அழிந்துவிடும். இடம், தேதி, ஆழம் மூன்றையும் பென்சிலில் தடித்த காகிதத்தில் எழுதி, அதைத் தனிச் சிறு பைக்குள் போட்டு, மாதிரிப் பைக்கும் வெளிப் பைக்கும் நடுவில் வையுங்கள்.